இரண்டாவது ரவுட்டர் வாங்கும் முன்: கம்பியா, காற்றா, கண்ணாடி இழையா?

மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "வீட்டுல பின்பக்கம் ரேஞ்சே இல்லை, இன்னொரு ரவுட்டர் வேணும்" என்று கேட்டால், கடைக்காரர் இரண்டு மூன்று பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைப்பார். ஆன்டெனா எத்தனை, விலை எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டாவது ரவுட்டர் வீட்டில் நன்றாக ஓடுமா என்பது வேறொரு கேள்வியைப் பொறுத்தது. முதல் பெட்டியிலிருந்து இரண்டாவது பெட்டிக்கு நெட் எந்த வழியாகப் போய்ச் சேரப்போகிறது? காற்று வழியாகவா, செம்புக் கம்பி வழியாகவா, கண்ணாடி இழை வழியாகவா, வீட்டின் கரண்டு வயர் வழியாகவா? இதைத் தீர்மானித்துவிட்டால் எந்தப் பெட்டி என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

களியக்காவிளை, பனச்சமூடு, அருமனை, பேச்சிப்பாறை என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கிற எங்கள் பக்கத்துக்கு இந்தக் கேள்வி கூடுதலாகவே பொருந்தும். இங்கே வீடுகள் தெருவில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. விளைக்கு (தோட்டத்துக்கு) நடுவே பழைய ஓட்டு வீடு, அதற்கு மேக்கே மகன் கட்டிய கான்கிரீட் வீடு, கீழே சரிவில் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் ஷெட், புகைப்புரை என்று ஒரே குடும்பம் நான்கு கூரைகளின் கீழ் பரந்திருக்கும். பழைய சுவர்கள் தடிமனானவை. புதிய வீட்டின் தளம் முழுக்க இரும்புக் கம்பி. மட்டுப்பாவுக்கு (மொட்டைமாடிக்கு) மேல் மழைக்காகப் போட்ட தகர ஷீட் கூரை. வைஃபை அலைக்கு இரும்பும் தகரமும் பெரிய தடை. ஈரம் ஊறிய தடித்த சுவரும் அப்படியே.

செல்போன் கதையும் இங்கே தனி. பள்ளமும் மேடுமான நிலத்தில் பல வீடுகளுக்குள் டவர் எட்டாது. எட்டினாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரையும் இந்தப் பக்கத்து டவரையும் போன் மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருக்கும். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை வழியாகவே சாதாரண போன் பேசும் வசதியைக் கொண்டுவந்த பிறகு, டவர் எட்டாத வீடுகளில் வைஃபைதான் டெலிபோன் லைன் என்றாகிவிட்டது. வளைகுடாவிலிருந்து மகன் கூப்பிடுகிறான், அம்மா போனோடு முன்னறையிலிருந்து அடுக்களைக்கு நடக்கிறார், பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. யூடியூப் பார்ப்பதற்கு இருந்தால் போதும் என்ற கணக்கில் போட்ட வைஃபைக்கும், பேச்சு அறாமல் நடமாட வேண்டிய வைஃபைக்கும் வித்தியாசம் உண்டு. கீழே நான் ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது இந்த அம்மாவை மனதில் வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் காசு செலவில்லாத ஒரு வேலை. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருகிறவர் கேபிள் எங்கே குறைவாக இழுக்கப்படுமோ அங்கேதான் மோடத்தை வைத்துவிட்டுப் போவார். பெரும்பாலும் முன்வாசல் மூலை, டிவிக்குப் பின்னால். வீட்டின் ஒரு கோடியில் உட்கார்ந்திருக்கிற மோடம் தன் அலையில் பாதியை முற்றத்துக்கும் ரோட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். அதை வீட்டின் நடுக்கூடத்துக்கு, தலைக்கு மேல் உயரத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் இரண்டாவது ரவுட்டரின் தேவை தீர்ந்துவிடும். பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி, பிரிட்ஜ் இவற்றின் பின்னால் மோடம் இருக்கக்கூடாது. மாற்றிய பிறகு போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள். அலையின் பலத்தை அது டிபிஎம் என்ற அளவில் காட்டும்; பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கப் பலம் அதிகம். மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை. மைனஸ் 67 வரை பேச்சும் வீடியோ காலும் தடையின்றி ஓடும். மைனஸ் 75-ஐத் தாண்டிக் கீழே போகும் அறைகளைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

இனி வழிகளுக்கு வருவோம்.

ரிப்பீட்டர்: தற்காலிகத்துக்கு மட்டும்

சுவர் பிளக்கில் செருகுகிற சின்னப் பெட்டி. விலை குறைவு, துளை போட வேண்டாம், வாடகை வீட்டிலிருந்து போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். இதன் குறை அது வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. ஒரே ரேடியோ கொண்ட ரிப்பீட்டர் மோடம் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதே சேனலில் அதை மறுபடி போனுக்குச் சொல்ல வேண்டும். கேட்கிற நேரத்தில் பேச முடியாது. அதனால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். 5 ஜிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கொடுக்கிற இரட்டைப் பேண்ட் ரிப்பீட்டரில் இந்த இழப்பு குறைவு. ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை தடித்த சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐ விட நோஞ்சான். நம் பழைய வீடுகளில் அந்த லாபம் சுவரிலேயே கரைந்துவிடும்.

ரிப்பீட்டரை எங்கே வைப்பது என்பதிலும் பெரும்பாலோர் ரேஞ்ச் இல்லாத அறையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே வைத்தால் போனில் நான்கு கோடும் நிறைந்து தெரியும், ஆனால் நெட் நகராது. போன் பார்க்கிற கோடுகள் ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையிலானவை. ரிப்பீட்டருக்கும் மோடத்துக்கும் இடையில் என்ன நிலைமை என்பதை அவை காட்டாது. மோடத்தின் அலை மைனஸ் 60, 65 அளவில் இன்னும் தெம்பாக இருக்கிற நடுவிடத்தில்தான் ரிப்பீட்டர் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தி, பாட்டு, ஒரு கேமரா என்ற அளவுக்குத் தேவை இருந்தால் இது போதும். ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்து வேலை என்றால் இதற்குக் காசு கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயிண்ட் ஆக்குவது

ஒரே கூரைக்குள் என்றால் என் தேர்வு இதுதான். மோடத்திலிருந்து கேட் 6 (Cat 6) என்ற வகைச் செம்பு நெட் கேபிள் ஒன்று, மறுமுனையில் சாதாரண ரவுட்டர். அந்த ரவுட்டர் இங்கே ரவுட்டர் வேலை பார்ப்பதில்லை. கம்பியில் வந்ததை அப்படியே வைஃபையாக மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மோடத்துக்குப் பக்கத்தில் கிடைக்கிற வேகம் அநேகமாக அப்படியே பின்னறையிலும் கிடைக்கும். மழை, சுவர், பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் அந்தக் கம்பிக்குள் நடப்பதைத் தொடாது.

இன்னொரு பெரிய நன்மை, வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்காக இருக்கும். போன் முன்னறையில் பெற்ற ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) அடுக்களையிலும் மாறாது. நான் சொன்ன அம்மாவின் பேச்சு அறாமல் தொடர இது அவசியம். முன்னறையில் இருக்கும் பிரிண்டரும் கேமரா ரெக்கார்டரும் எந்த அறையிலிருந்து தேடினாலும் கிடைக்கும்.

செலவு பெட்டியில் அதிகம் இல்லை. இரண்டு பேண்டும் உள்ள நல்ல ரவுட்டர் சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. லேண்ட்லைன் காலத்து பழைய ஏடிஎஸ்எல் வைஃபை மோடம் பரணில் கிடந்தால் அதைக்கூட இந்த வேலைக்கு எடுக்கலாம்; போன் வயர் செருகுகிற துளையை விட்டுவிட்டு லேன் (LAN) துளையில் கேபிளைச் செருகினால் போதும். ஆனால் அதன் வைஃபை 2.4 மட்டும், துளைகள் 100 எம்பிபிஎஸ் மட்டும் என்பதால் 40, 50 எம்பிபிஎஸ் திட்டம் உள்ளவர்களுக்குச் சரிவரும். அதற்கு மேல் திட்டம் வைத்திருப்பவர்கள் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) துளைகள் உள்ள பெட்டியைத்தான் வாங்க வேண்டும். அட்டையில் 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் 200 எம்பிபிஎஸ் திட்டமும் அங்கே நூற்றுக்குக் கீழே வந்து நின்றுவிடும்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கடைகளில் கேட் 6 என்று எழுதி, உள்ளே அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசிய சுருள் மலிவாகக் கிடைக்கிறது. நீண்ட தூரத்துக்கு அது நம்பிக்கைக்கு உரியதல்ல. வளைத்தால் உள்ளே முறியும், முனையில் அழுத்திய இடம் நாளாக நாளாக இளகும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். நல்ல கேபிள் 100 மீட்டர் வரை முழு வேகத்தைத் தாங்கும். எந்த வீட்டுக்கும் அது தாராளம்.

முனை அடிக்கும்போது எட்டு இழைகளையும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கை மட்டும் அடித்தாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கரண்டு வயர் போகிற பைப்புக்குள்ளேயே கேபிளையும் திணித்துவிடலாம் என்று எலெக்ட்ரீஷியன் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புக்கும் கெடுதல், சிக்னலுக்கும் கெடுதல். தனி பிவிசி பைப் போடட்டும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: வார்ப்பு போடும் முன்பே மாடிக்கும், அடுக்களைப் பக்கத்துக்கும், மட்டுப்பாவுக்கும் தலா ஒரு வெற்றுப் பைப்பைப் போட்டு வையுங்கள். அன்றைக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை, குடியேறிய பிறகு சுவரை வெட்டிப் பூசி வர்ணம் அடிக்கிற வேலையாகிவிடும்.

அமைக்கும் முறை எளிது. கேபிளைச் செருகும் முன், புதிய ரவுட்டரை மட்டும் தனியாக இயக்கி அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். ஆக்சஸ் பாயிண்ட் என்று ஒரு தேர்வு இருந்தால் அதை அழுத்தினால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாத பெட்டியில் மூன்று வேலை செய்ய வேண்டும். முதலாவது, அதன் லேன் முகவரியை மாற்றுவது. மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், மோடம் மற்றக் கருவிகளுக்கு வழங்குகிற எண் வரிசைக்குள் அந்த எண் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி இருந்தால் எதற்குள்ளும் ஒழுங்காகப் போக முடியாது, நெட்டும் விட்டுவிட்டு வரும். இரண்டாவது, டிஹெச்சிபி (DHCP) என்ற முகவரி வழங்கும் வேலையை அதில் நிறுத்துவது. வீட்டுக்குள் முகவரி வழங்குகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், அது மோடம். மூன்றாவது, கேபிளை மோடத்தின் லேன் துளையிலிருந்து புதிய ரவுட்டரின் லேன் துளைக்குச் செருகுவது. நீலமோ மஞ்சளோ தனித்துத் தெரிகிற வேன் (WAN, வெளியிலிருந்து நெட் வருவதற்கான) துளையை விட்டுவிடுங்கள்.

வைஃபை பெயர் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டுமா, வேறாக இருக்கட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை என்பதே என் முடிவு. அறை மாறும்போதெல்லாம் பெயரைத் தேடி மாற்றச் சொல்வது அவர்களுக்குத் தொந்தரவு. சேனல்கள் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மோடத்துக்கு 1 என்றால் புதியதற்கு 6 அல்லது 11. சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது. சில போன்கள் பழைய பெட்டியை லேசில் விடாது. பின்னறைக்கு வந்த பிறகும் முன்னறை அலையின் கடைசி நூலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் மோடத்தின் 2.4 அலையின் பலத்தை அமைப்பில் ஒரு படி குறைத்தால் போன் சீக்கிரம் மாறும். பலத்தைக் கூட்டுவதால் வரும் நன்மையைவிடக் குறைப்பதால் வரும் நன்மை இங்கே பெரிது.

அதே கேபிள், வேன் துளையில்

பெட்டியை வாங்கி வந்து எந்த அமைப்பையும் மாற்றாமல் வேன் துளையில் செருகினாலும் நெட் வரும். பல வீடுகளில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இது வீட்டுக்குள் இரண்டாவது ஒரு தனி வீட்டைக் கட்டியது போன்றது: உள்ளே இருப்பவர்கள் வேறு முகவரி வரிசையில் இருப்பார்கள். முன்னறை பிரிண்டரை பின்னறை லேப்டாப் தானாகக் கண்டுபிடிக்காது. பின்னறை டிவிக்கு முன்னறையிலிருந்து படம் அனுப்ப முடியாது. போன் அறை மாறும்போது முகவரியும் மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் பேச்சு அறுந்துபோக வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து பார்க்கிற கேமராவுக்கும் சில விளையாட்டுகளுக்கும் இரட்டை முகவரி மாற்றம் (இரண்டு பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றுவது) சிக்கலைக் கொடுக்கும். மோடமும் ரவுட்டரும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் நெட்டே வராமலும் போகலாம்.

ஆனாலும் இந்த முறைக்கு ஒரு பயன் இருக்கிறது. மாடியைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள், அவர்கள் நெட்டும் தங்கள் நெட்டும் பிரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அவர்களில் பலர் வாடகைக்காரரை இரண்டாவது ரவுட்டரில் வைக்கிறார்கள். தடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று கவனியுங்கள். வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது; உள்ளே இருப்பவர் வெளியே பார்க்க முடியும். இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் வாடகைக்காரர், முதல் மோடத்தில் இருக்கும் உங்கள் கேமராவையும் பிரிண்டரையும் எட்ட முடியும். உங்கள் கருவிகள் இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னாலும் வாடகைக்காரர் மோடத்திலும் இருந்தால்தான் நீங்கள் நினைத்த காப்பு கிடைக்கும். அல்லது கெஸ்ட் நெட்வொர்க் (வெளியாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தனி வைஃபை) வசதி உள்ள பெட்டியை வாங்கி அதை இயக்குங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அதில் நடப்பதற்கெல்லாம் விசாரணை என்று வந்தால் முதலில் தேடப்படுகிறவர் அவர்தான். அதனால் நீண்ட நாள் வாடகை என்றால் அவர்களே தங்கள் பெயரில் ஒரு இணைப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

மெஷ்: துளை போட முடியாத வீட்டுக்கு

இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் ஒரே செட்டாக வரும். ஆப்பில் ஏழெட்டு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. ரிப்பீட்டரைவிட இது மேலானது. பெட்டிகள் தங்களுக்குள் பேசி நல்ல பாதையைத் தேர்ந்தெடுக்கும். போனுக்கு எந்தப் பெட்டி நெருக்கம் என்று சொல்லிக்கொடுத்து மாற உதவும். அறை மாறும்போது பேச்சு அறாமல் இருப்பதில் இது கெட்டிக்காரன். இரண்டு பெட்டி செட்டுகள் சுமார் ஐயாயிரம் ரூபாயிலிருந்து தொடங்குகின்றன. பெட்டிகளுக்கு இடையிலான போக்குவரத்துக்கென்றே மூன்றாவது பேண்ட் ஒதுக்கியவை அதைவிடக் கணிசமாக விலை கூடும்.

ஆனால் மெஷ்ஷும் கேபிள் இல்லாதபோது காற்றைத்தான் நம்பியிருக்கிறது. ஒன்றரை அடி சுவர் ரிப்பீட்டரைத் தடுத்தால் மெஷ்ஷையும் தடுக்கும். பெட்டிகளுக்கு நடுவே ஒரு சுவர், அதிகமானால் இரண்டு என்ற அளவில் வைக்க முடிந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும். மாடிக்கு ஒன்று கீழுக்கு ஒன்று என்றால் இரண்டும் மாடிப்படி ஓரமாக ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கட்டும். படிக்கட்டின் திறப்புதான் கான்கிரீட் தளத்தில் அலைக்குக் கிடைக்கும் ஒரே வாசல். பெரும்பாலான நல்ல மெஷ் பெட்டிகளில் லேன் துளை உண்டு. கேபிளும் இழுத்து மெஷ்ஷும் வைத்தால் இரண்டின் நன்மையும் சேரும், செலவும் சேரும்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். மெஷ் போட்ட பிறகு மோடத்தின் சொந்த வைஃபையை நிறுத்திவிட்டு, மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் ஓட்டுங்கள்; இல்லாவிட்டால் மேலே சொன்ன இரட்டை முகவரிச் சிக்கல் இங்கேயும் வரும். அடுத்து, ஒரு கம்பெனியின் பெட்டியோடு இன்னொரு கம்பெனியின் பெட்டி சேரும் என்று எண்ணி வாங்காதீர்கள். வைஃபை கம்பெனிகளின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2018-இல் ஈஸிமெஷ் என்ற பொது முறையைக் கொண்டுவந்தது. அந்தக் குறி இருந்தாலும் கம்பெனி மாறினால் ஒத்துழைப்பு அரைகுறையாகவே இருக்கிறது.

கரண்டு வயர் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. இரண்டு பிளக்கும் ஒரே பேஸில் இருக்க வேண்டும். இங்கே நிறைய வீடுகளில் மூன்று பேஸ் இணைப்பும், இன்வெர்ட்டருக்குத் தனி வயரிங்கும் இருக்கின்றன. பெரிய மோட்டார் ஓடும்போது இரைச்சலும் வரும். கடைகளில் கிடைப்பதும் அரிது. இதை விட்டுவிடலாம்.

இரண்டு வீடு, ஒரு விளை

நம் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பழைய வீட்டில் இணைப்பு இருக்கிறது, ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப் புதிய வீடு. "மக்கா, அங்கேருந்து ஒரு வயரு இழுத்து இங்க ஒரு பெட்டி வச்சுத் தந்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சித்திமார் கேட்கிறபோது சரி என்றுதான் சொல்லத் தோன்றும். தூரம் 100 மீட்டருக்குள், கேட் 6 போதும், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செம்புக் கேபிளை இழுக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்கிறேன். காரணம் இடி.

மலையடிவாரத்தில் சித்திரை வைகாசியிலும், ஐப்பசி கார்த்திகையிலும் மதியத்துக்குமேல் திரண்டு வருகிற மழையோடு மின்னலும் வரும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மின்னல் எச்சரிக்கைகளில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருக்கச் சொல்வது வழக்கம். எல்லைக்கோடு மேகத்துக்குத் தெரியாது. நமக்கும் அதே நேரம்தான். மின்னல் உங்கள் கேபிள்மேல் விழ வேண்டும் என்று அவசியம் இல்லை. பக்கத்து விளையில் ஒரு தென்னையில் விழுந்தாலே போதும். அந்தக் கணத்தில் நீளமான செம்புக் கம்பியில் பெரிய வோல்டேஜ் தூண்டப்படும். இரண்டு வீட்டுக்கும் எர்த் வேறு வேறாக இருப்பதால், இரண்டு நிலத்துக்கும் இடையே எழும் வித்தியாசம் முழுவதும் அந்தக் கேபிள் வழியாகவே பாயப் பார்க்கும். இரு முனையிலும் லேன் துளைகள் கருகும், ரவுட்டர் போகும், சில சமயம் அதோடு சேர்ந்திருக்கிற டிவியும் கேமரா ரெக்கார்டரும் போகும். ஆட்களுக்கும் அது ஆபத்து. திடீர் வோல்டேஜை நிலத்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் போட்டால் குறையும். ஆனால் அது சரியாக வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும், வீட்டு எர்த் குழியில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இரண்டு வீட்டுக்கு நடுவே ஃபைபர்தான் சரியான வழி. இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர். ஒன்று லேன் கேபிளில் வந்ததை ஒளியாக்கும், மற்றது ஒளியை மறுபடி லேன் ஆக்கும். ஒற்றை இழையில் ஓடுகிற வகை ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மற்றது 1550-இல் அனுப்பும். இரண்டு ஏ வாங்கிவிட்டால் பேசாது. கிகாபிட் வகையையே வாங்குங்கள். இந்த ஜோடி, கேபிள், இழை ஒட்டும் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல மெஷ் செட்டின் விலைக்குப் பக்கத்தில்தான் வரும். இழை ஒட்டும் கருவி இங்கே கேபிள் டிவிக்காரர்களிடமும் நெட் இணைப்புக் கொடுப்பவர்களிடமும் இருக்கிறது. வீட்டுக்கு இழுக்கிற ஃபைபர் கேபிளான டிராப் கேபிளும் அவர்களிடமே கிடைக்கும்.

இழை ஒட்ட வருகிறவரோடு பேசும்போது இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். டிராப் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். அந்தக் கம்பி வீட்டுக்குள் வந்தால் ஃபைபர் போட்ட நோக்கமே கெட்டுவிடும். வெளிச்சுவரிலேயே அதை வெட்டி நிறுத்திவிட்டு, இழை மட்டும் உள்ளே வரட்டும். இரும்பே இல்லாத கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்து முனையின் நிறம். நெட் மோடங்களுக்கு வருவது பெரும்பாலும் பச்சை முனை, அதன் முகம் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். மீடியா கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் நீல முனைக்கானவை, அதன் முகம் சாய்வில்லாதது. பச்சையை நீலத் துளையில் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஒளி ஒழுங்காகச் சேராது, முகமும் கீறப்படும். இழை முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

புதிய வீட்டில் கன்வெர்ட்டருக்கு அடுத்து மேலே சொன்ன அதே ஆக்சஸ் பாயிண்ட். இடி நேரத்தில் அடாப்டர்களைக் கழற்றுகிற பழக்கத்தையும் விட வேண்டாம். இழை வழியாக வராத மின்னல் கரண்டு லைன் வழியாக வரும். மற்ற நேரத்துக் கரண்டு கட்டுக்கு, 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று மோடத்துக்கும், இன்னொன்று அடுத்த வீட்டுப் பெட்டிகளுக்கும் இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் இருந்தால் பயனில்லை. கன்வெர்ட்டரின் வோல்டேஜ் வேறாக இருக்கலாம், அதன் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கேபிளே இழுக்க முடியாத இடமும் உண்டு: நடுவே ஊராட்சி ரோடு போகிறது, அல்லது வேறொருவர் விளை. அங்கே இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி 5 ஜிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ஆன்டெனா ஜோடியை வைக்கலாம். இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு 2018-லிருந்து வீட்டுப் பயன்பாட்டில் உரிமம் தேவையில்லை. நேர்பார்வை இருந்தால் சில நூறு மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நடுவே ரப்பர் இருந்தால் மட்டும் நிதானியுங்கள். மார்கழி தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும்போது இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுச் சுவர் தெளிவாகத் தெரியும். அப்போது ஆன்டெனாவை வைத்துப் பார்த்தால் வேகம் பிரமாதமாக இருக்கும். மாசிக்குப் பிறகு தளிர் விட்டு, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் இலையெல்லாம் நனைந்து நிற்கும்போது அதே இணைப்பு தடுமாறும். ஈர இலை இந்த அலையை விழுங்கிவிடும். சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள், அல்லது மரத்தின் தலைக்கு மேல் போகும் உயரத்தில் வையுங்கள். உயரத்தில் வைத்தால் மறுபடி இடியின் கணக்கு வரும். ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் இறங்குவது செம்புக் கேபிள்தான்.

ரோட்டுக்கு அப்பால் உள்ள வீட்டில் தனிக் குடும்பமே இருந்து, அங்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள், யாரோ வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள் என்றால், ஆன்டெனா ஜோடிக்கும் அதை ஏற்றி இறக்கும் கூலிக்கும் ஆகிற தொகையை அந்த வீட்டுக்கான தனி ஃபைபர் இணைப்பின் மாதக் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டுக் கணக்கில் இரண்டும் நெருங்கி வந்தால் தனி இணைப்பே எடுங்கள். ஒரு வீட்டில் லைன் போனாலும் மற்ற வீட்டில் நெட் இருக்கும்.

ரோலர் ஷெட்டில் ஒரே ஒரு கேமரா மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஷெட் பக்கத்து வெளிச்சுவரில், தகரக் கூரைக்கு வெளியே, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை மழை படாத மூடியோடு பொருத்தி, கேமராவை ஷெட்டின் திறந்த பக்கத்தில் வைத்தால் அநேகமாக எட்டிவிடும். எட்டாவிட்டால் சிம் போடுகிற கேமரா வாங்குங்கள். எந்தக் கம்பெனி சிம் என்பதை, ஷெட்டுக்குள் நின்று உங்கள் போனில் டவர் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.